பைக் எஞ்சினில் ஆயில் கசிவு: ஊற்றைக் கண்டறிந்து சரிசெய்தல்

காங்கேயம், தாராபுரம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாரியடிக்கும் செம்மண் புழுதி, ஆயில் கசியும் எஞ்சினில் அப்பிக்கொள்வதால், கசிவு தொடங்கும் இடத்தையும் வழிந்த தடத்தையும் பிரித்தறிய முடிவதில்லை. எனவே, ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டு, இணைப்புகளின் மீது முகப்பவுடரை மெல்லத் தூவி, வண்டியை நிறுத்தியபடியே சில நிமிடம் ஓடவிடுங்கள். பவுடர் முதலில் நனைந்து கருக்கும் இடமே ஊற்று. சாலையில் ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளுமாதலால், உயரத்திலும் முன்புறத்திலும் உள்ள ஈரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அடிப்புற ட்ரெயின் (drain) போல்ட்டில் கசிந்தால் பெரும்பாலும் வாஷரை மாற்றினாலே போதும்; மேலும் மேலும் முறுக்கினால் அலுமினிய மரை உரிந்து செலவு பெருகும்.

எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கவர் கேஸ்கெட்டை மாற்றுகையில், பழைய துணுக்குகளைப் பரப்பு கீறாமல் நீக்கி, போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். சில பட்டறைகளில் சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவார்கள்; பிதுங்கிய பேஸ்ட் உள்ளே உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கக்கூடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்பிராக்கெட் அருகே தெரியும் பிசுக்கு செயின் எண்ணெயாகவும் இருக்கலாம். துடைத்த பின்னும் ஷாஃப்டைச் சுற்றிப் புதிதாக ஊறினால், அங்கே ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வளையமான ஆயில் சீலை மாற்றுங்கள். எஞ்சினுள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயில் ஆயில் வந்தால், எதையும் கழற்றுமுன் ஆயில் அளவு கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.