பெரிய விற்பனைத் தளங்களில் சிறு ஆன்லைன் கடையை விரிவாக்குவது எப்படி?

அமேசான், ஈபே போன்ற பெருந்தளங்களில் விற்கத் தொடங்குவோர், கைவசமுள்ள எல்லாப் பொருள்களையும் ஒரே மூச்சில் ஏற்றாமல், நன்றாக விற்பதும் எளிதில் உடையாததுமான சிலவற்றை மட்டும் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான் என்பதால், பொறுமையாகப் போட்டுப் பாருங்கள். விற்பனை விலை 100 என்று கொள்வோம். கொள்முதல் 55, கமிஷன் 15, பேக்கிங்கும் கூரியரும் 18 போக, மிஞ்சுவது 12. பத்துப் பொருள்களில் ஒன்று திரும்பி வந்து, கமிஷன் திருப்பித் தரப்பட்டாலும், போகவர ஆகும் 36 உங்கள் தலையில் விழுந்தால், 120 ஆக இருந்திருக்க வேண்டிய லாபம் 72 ஆகச் சுருங்கிவிடும். இதற்கு இடம் விட்டே விலையை நிர்ணயிக்க வேண்டும்.

முதன்மைப் படத்துக்கு அமேசான் தூய வெள்ளைப் பின்னணியைக் கேட்கிறது. அளவையும் நிறத்தையும் உள்ளபடியே எழுதினால் திரும்பி வருபவை குறையும்.

ஒரே பொருளை இரண்டு இடங்களில் விற்கும்போது, கையிருப்பை இரண்டிலும் உடனுக்குடன் திருத்துங்கள். இல்லாத பொருளுக்கு ஆர்டர் வாங்கி ரத்துசெய்வது தொடர்ந்தால், விற்பனையாளர் கணக்கே முடக்கப்படலாம். வாங்குபவரைச் சொந்தக் கடைக்கு அழைக்கும் துண்டுச்சீட்டைப் பார்சலுக்குள் வைப்பதற்கு முன், தளத்தின் விதிகளைக் கட்டாயம் படித்துவிடுங்கள்.