ஆற்றை மீட்கும் திட்டத்தில் உயிரினங்களைக் கணக்கில் எடுக்காமல் விடும் தவறுகள்

அணை கட்டப்போகிறார்கள் என்றால் காட்டுயிர்களின் கதி என்ன என்று உடனே கேட்கிறோம். ஆற்றை மீட்கப்போகிறார்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. நல்லதுதானே நடக்கிறது என்ற நினைப்பில் உயிரினங்களைப் பற்றிய ஆய்வு வெறும் சடங்காக முடிந்துவிடுகிறது. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மண் சரிந்து செங்குத்தாக நிற்கும் கரையைக் கண்டதும், அரிப்பு என்று முடிவுகட்டி, சரிவாக வெட்டிப் புல் பதிக்கத் திட்டம் போட்டுவிடுகிறார்கள். அந்த மண்சுவரில்தான் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை தோண்டி முட்டையிடுகின்றன. வளையின் வாயில் வெள்ளை எச்சம் வழிந்திருந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று பொருள். வெறும் மணல்திட்டும் அப்படித்தான். பசுமை வேண்டுமென்று அங்கே கன்று நட்டால், ஆமைக்கும் ஆலாப் பறவைக்கும் முட்டையிட இடமிருக்காது.

என் பார்வையில் மிகவும் வஞ்சிக்கப்படுவது மட்டிதான். தூர்வாரும் இயந்திரம் இறங்கினால் மீன் விலகிப் போய்விடும். மணலில் புதைந்திருக்கும் மட்டி அள்ளப்படும். பல நன்னீர் மட்டி இனங்களின் குஞ்சுகள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டித்தான் வளர்கின்றன. அந்த மீன் இல்லாத ஆற்றில் மட்டியை மட்டும் இடம் மாற்றிவிட்டுப் பயனில்லை. இதெல்லாம் கரையில் நின்று பார்த்தால் தெரியாது, ஆற்றில் இறங்கி அடிமண்ணைத் துழாவ வேண்டும்.

தண்ணீர் வற்றிய நாட்களில் ஒரே தடவை போய்வருவதும் போதாது. வலசைப் பறவைகளும் வெள்ளத்தில் ஏறிவரும் மீன்களும் விடுபட்டுப்போகும். நீர்நாய் கண்ணில் படாது. பாறைமேல் மீன் செதிலோடு கிடக்கும் எச்சம்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பை அகற்றினால் எப்போதும் நன்மைதான் என்று நம்புவது இன்னொரு தவறு. வட அமெரிக்கப் பேரேரிகளில் மீன்களின் இரத்தத்தை உறிஞ்சும், விலாங்கு போன்ற கடல் லாம்ப்ரே, பல கிளையாறுகளில் ஏறி முட்டையிடாமல் இருப்பதற்கு அணைகளே காரணம். அணைக்குப் பின்னால் தேங்கிய வண்டலையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை அகற்றியபோது, கலங்கல் நீரிலிருந்து காக்க ஒரு பகுதி சால்மன்களைத் தெளிந்த கிளையாறுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

வேலைக்கு முந்தைய உயிரினக் கணக்கு இல்லாமல் பிந்தைய கணக்கால் எதையும் சொல்ல முடியாது. கை வைக்காத இன்னொரு பகுதியையும் கூடவே கணக்கெடுங்கள். மாற்றம் திட்டத்தால் வந்ததா, மழையால் வந்ததா என்று அப்போதுதான் பிரித்தறிய முடியும். இதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கிவிடுங்கள், செலவு திட்டத்தை மிஞ்சும்போது முதலில் கை வைப்பது இதில்தான்.