டேபிள் டென்னிஸில் அடுத்த சர்வ் யாருக்கு?

ஆட்டச் சூட்டில் சர்வ் யாருடையது என்று மறந்துவிட்டால், இருவர் புள்ளிகளையும் கூட்டி 4-ஆல் வகுங்கள். மீதி 0 அல்லது 1 என்றால் அந்த கேமை சர்வ் போட்டுத் தொடங்கியவருக்கு. 2 அல்லது 3 என்றால் மற்றவருக்கு. 7-4 என்றால் கூட்டல் 11, மீதி 3. ஆக, மற்றவர்தான் போட வேண்டும்.

புள்ளியை யார் எடுத்தாலும் ஆளுக்கு இரண்டு சர்வ் என்பதுதான் விதி. அதனால் நான்கு புள்ளிகளுக்கு ஒரு சுற்று முடிந்து, மறுபடி முதலாமவரிடமே வந்து நிற்கும். கேமை யார் தொடங்கினார் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அடுத்த கேமில் அது மாறிவிடும். இரட்டையரில் எந்த ஜோடி என்பது தெரியும், ஜோடியில் எவர் என்பது தெரியாது.

10-10 ஆகிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அதன்பின் ஆளுக்கு ஒரு சர்வ்தான், இரண்டு புள்ளி முன்னிலை கிடைக்கும்வரை. அப்போது கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் தொடங்கியவர், ஒற்றைப்படை என்றால் மற்றவர். 2001-க்கு முந்தைய 21 புள்ளி ஆட்டத்தை இன்னும் ஆடுகிறவர்களுக்கும் இது உதவாது, அதில் ஆளுக்கு ஐந்து சர்வ்.

பாட்மின்டனில் இதை முயன்று பார்க்காதீர்கள். அங்கே புள்ளி எடுத்தவருக்கே சர்வ். சர்வ் போடுபவரின் புள்ளி இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று பார்த்தால், வலப்பக்கமா இடப்பக்கமா என்பது மட்டும் தெரியும்.