கோடைத் தொடக்கத்தில் ஏரியிலும் அணையிலும் தூண்டில் போடுவது எப்படி?

மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் மீன் கடிப்பதில்லை என்று பலர் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். மீன் அங்கேயேதான் இருக்கிறது, நிற்கும் ஆழமும் இரை எடுக்கும் நேரமும்தான் மாறியிருக்கின்றன. அந்த இரண்டையும் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். முள் கட்டுவது, ஈயம் கோப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. அனுமதி

பெரும்பாலான ஏரி, கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். மேட்டூர் போன்ற அணைகளில் உரிமம் பெற்ற மீனவர்களின் பிழைப்பு அது. மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் போக வேண்டாம்.

2. நேரம்

"விடியலில் போ" என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. தெளிந்த நீருள்ள பெரிய அணைக்கு அது சரி. பச்சைப் பாசி படர்ந்த, ஆழமில்லாத ஏரிக்குச் சரியில்லை.

வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். இதோடு, பகலில் பிராணவாயுவைத் தரும் பாசி இரவு முழுவதும் அதையே சுவாசித்துத் தீர்க்கிறது. அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் பாசி ஏரியில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் கெண்டைகள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். அது பசியில்லை, மூச்சுத்திணறல். எவ்வளவு நல்ல இரை போட்டாலும் தொடாது. வெயில் நீரில் விழுந்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல் போங்கள்.

விரால், தேளி இரண்டும் இதற்கு விலக்கு. நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக்கூடியவை என்பதால் நீரில் பிராணவாயு குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

3. கரை

காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அந்தக் கரையில் உட்காருங்கள். மேல்நீரையும் நுண்ணுயிர்களையும் காற்று அங்கேதான் தள்ளிச் சேர்க்கும், அவற்றைத் தின்னும் மீனும் பின்னாலேயே வரும். முகத்தில் காற்று அடிக்கத் தூண்டில் வீசுவது சிரமம்தான், பலன் அதில்தான்.

அணையில் பழைய கட்டுமானங்களும் மரக்கட்டைகளும் மூழ்கியிருக்கும் இடங்களை உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள். மேட்டூரில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். நீருக்குள் கிடக்கும் இப்படிப்பட்ட மேடுகளின் ஓரம்தான் மீன் ஒதுங்கும்.

4. ஆழம் பார்த்தல்

எனக்குப் பிடிபட வெகுநாள் ஆன இடம் இதுதான். கடையில் வாங்கிய தக்கையைக் கண் மதிப்பில் இரண்டடியில் நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் உட்காருவதில் பயனில்லை. இப்படிச் செய்யுங்கள்:

முள்ளில் இரைக்குப் பதிலாக, தக்கையை மூழ்கடிக்கும் அளவுக்குக் கனமான ஈயக்குண்டு ஒன்றை மாட்டுங்கள். மீன் பிடிக்கப்போகும் இடத்திலேயே மெதுவாக இறக்குங்கள். தக்கை முழுதாக மூழ்கினால் ஆழம் அதிகம்; தக்கையை நரம்பில் (தூண்டில் கயிற்றில்) மேலே தள்ளுங்கள். படுத்து மிதந்தால் நரம்பு நீளம் அதிகம், கீழே இறக்குங்கள். தக்கையின் நுனி மட்டும் நிமிர்ந்து நின்றால், முள்ளிலிருந்து தக்கை வரையுள்ள நரம்புதான் அந்த இடத்தின் ஆழம். கழியில் அந்த அளவைத் துணி நூலால் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மீனைப் பொறுத்து மாற்றுங்கள். மிருகாலுக்கு இரை தரையைத் தொட வேண்டும். ஜிலேபிக்கு ஒரு சாண் மேலே. ரோகு நடுநீரில், கட்லா அதற்கும் மேலே. வாயைப் பார்த்தாலே தெரியும்: கட்லாவின் வாய் மேல்நோக்கித் திரும்பியிருக்கும், மிருகாலின் வாய் கீழ்நோக்கி இருக்கும்.

ஆழமான அணையில் சில நாட்கள் காற்றே இல்லாமல் வெயில் காய்ந்தால், சூடான மேல்நீர் கீழே இருக்கும் குளிர்ந்த நீரோடு கலக்காது. அடிநீரில் பிராணவாயு தீர்ந்துவிடும். அப்போது மிருகாலைத் தேடித் தரையில் இரை போடுவதும் வீண்; அரையடி அரையடியாக மேலே ஏற்றிப் பாருங்கள்.

நேற்று பார்த்த அளவை இன்று நம்பவும் கூடாது. பாசனத்துக்கு நீர் திறந்தால் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். வந்தவுடன் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். திரும்பிப் பார்க்கும்போது குச்சிக்கும் நீருக்கும் இடையே ஈரச் சேறு தெரிந்தால் மறுபடியும் ஆழம் பாருங்கள்.

5. கருவி, இரை

தொடங்குபவர்களுக்குச் சுருள் வைத்த விலையுயர்ந்த தூண்டில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நல்ல மூங்கில் கழியோ மடக்குத் தூண்டிலோ போதும். உருண்டையான பிளாஸ்டிக் தக்கையையும் வாங்காதீர்கள். அது இழுவைக்கு எதிர்த்து நிற்கும். ஜிலேபி அதை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். மெல்லிய நெட்டித் தக்கைக்கு ஈடில்லை.

கோடையில் மண் காய்ந்திருக்கும் என்பதால் மண்புழுவை வாழையடியில் தோண்டுங்கள். ரோகுவுக்குக் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் மைதாவும் சேர்த்துப் பிசைந்த மாவு. வெதுவெதுப்பான நீரில் மாவு சீக்கிரம் கரைந்துவிடும், பிசையும்போது கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்தால் முள்ளில் நிற்கும்.

சிவப்பு நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போனால் அங்கே விராலைப் பிடிக்காதீர்கள். தாயும் தந்தையும் அடியில் காவல் இருக்கின்றன. அவற்றைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

*முள் எண் குழப்புகிறது.* எண் கூடக்கூட முள் சிறியது. 10 என்பது 6-ஐவிடச் சிறியது. ஜிலேபிக்கு 8 அல்லது 10 வாங்குங்கள்.

*கோடை மழைக்கு மறுநாள் ஒன்றும் கடிக்கவில்லை.* திடீர் மழை மேல்நீரைக் குளிரவைத்து, அடியில் இருக்கும் கெட்ட நீரோடு கலக்கச் செய்யும். சிறிய குளங்களில் மீன் செத்து மிதப்பதும் இதனால்தான். ஓரிரு நாள் விட்டுப் போங்கள்.

*நீரில் இறங்கி நின்று வீசலாமா?* வேண்டாம். நீர் வற்றிய விளிம்பில் மேலே காய்ந்தும் உள்ளே இளகியும் இருக்கும் சேறு இடுப்பு வரை இழுத்துவிடும். அமராவதி அணையில் முதலைகளும் உண்டு.

*கெளுத்தி முள் குத்திவிட்டது.* பக்கத் துடுப்பிலும் முதுகிலும் உள்ள முட்கள் அவை. தோல் சுடாத, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி அடங்கும். முனை உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.