ஷெரிஃப் அலுவலகத்தில் காவல் அறிக்கையைக் கேட்டு வாங்குவது எப்படி: கலிபோர்னியாவில் நான் கற்றது

2023 இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மலையடிவாரப் பூங்கா ஒன்றில் காரை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்தோம். பின்பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. என் மாமியாரின் கைப்பையைக் காணவில்லை. சர்க்கரை மாத்திரை, மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் ரூபாய் நோட்டுகள், அவற்றோடு அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டும் அதில் இருந்தது. ஊருக்குத் திரும்ப 24 நாள்தான் பாக்கி. பாஸ்போர்ட் தொலைந்தால் மறுபடி வாங்குவதற்கு இந்தியத் துணைத் தூதரகம் காவல்துறை அறிக்கையைக் கேட்கும்.

அந்த அறிக்கை என் கைக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று. டிக்கெட்டை மாற்ற வேண்டியதாகிவிட்டது. மாமியார் தினமும் காலையில் "இன்னைக்கு ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்பார். வழி தெரிந்திருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. அந்த ஐந்து வாரம் இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம்மவர்களை முதலில் தடுப்பது அச்சம். போலீஸ் வாசலை மிதிக்காத குடும்பம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். விசாவில் இருக்கும்போது காவல்துறையிடம் போய்க் கடுதாசி கேட்கலாமா என்று என்னிடமே பலர் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் உரியது. கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டத்தில் அந்த வரம்பு கிடையாது. 1968 முதல் இருக்கும் அந்தச் சட்டப்படி கிரீன் கார்டு இல்லாதவரும், பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோரும் கேட்கலாம். எதற்காக என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

இனி, யாரிடம் கேட்பது என்பது. இதில்தான் நான் முதல் வாரத்தை இழந்தேன். ஷெரிஃப் என்றதும் சென்னையில் ஒரு காலத்தில் இருந்த கௌரவப் பதவிதான் பெரியவர்களுக்கு நினைவு வரும். இங்கே ஷெரிஃப் என்பவர் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) முழுவதற்கும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவர். கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் உண்டு. எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளில் ஷெரிஃபின் டெபுடிகளே காவலர்கள். சொந்தக் காவல்துறை வைத்துக்கொள்ளாத நகரங்கள் பணம் கொடுத்து அவர்களையே அமர்த்திக்கொள்வதும் உண்டு. குப்பர்டினோவுக்குச் சான்டா கிளாரா கவுண்டி ஷெரிஃப்தான் காவல். டப்ளின் நகரத்தில் டப்ளின் போலீஸ் என்ற பெயரில் பணியாற்றுபவர்கள் அலமேடா கவுண்டி ஷெரிஃபின் ஆட்கள். பக்கத்திலேயே இருக்கும் சன்னிவேலும் ஃப்ரீமாண்டும் தமக்கெனத் தனித் துறை வைத்திருக்கின்றன. ஆகவே அஞ்சல் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். சம்பவ இடத்துக்கு வந்த அதிகாரி கொடுத்த அட்டையில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நான் அந்த அட்டையைப் பணப்பையில் செருகிவிட்டு, எங்கள் நகரக் காவல் நிலையத்தில் போய் வரிசையில் நின்றேன். பூங்கா நகர எல்லைக்கு வெளியே இருந்தது.

சாலை விபத்துக்கு இன்னொரு கணக்கு. ஃப்ரீவேயிலும், நகராட்சியில் சேராத கவுண்டிச் சாலைகளிலும் நடக்கும் விபத்துகளைக் கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படைதான் விசாரிக்கும். அந்த அறிக்கைக்குச் சிஎச்பி 190 என்ற அவர்களுடைய படிவத்தை நிரப்ப வேண்டும். ஷெரிஃப் அலுவலகத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கிடைக்காது.

அட்டையில் எழுதியிருக்கும் எண்ணையும் கவனியுங்கள். அழைப்பு வந்ததும் தானாக உருவாகும் நிகழ்வு எண் ஒன்று. அதிகாரி அறிக்கை எழுதினால் பதிவாகும் வழக்கு எண் இன்னொன்று. நிகழ்வு எண் மட்டும் இருந்தால், அறிக்கை எழுதப்படாமலே போயிருக்கவும் கூடும். அலுவலகத்தின் அவசரமற்ற எண்ணில் கூப்பிட்டு, "அறிக்கை எழுதியாயிற்றா, மேலதிகாரி ஒப்புதல் கொடுத்துவிட்டாரா?" என்று கேளுங்கள். நம் ஊரில் முதல் தகவல் அறிக்கை பதிவானால், புகார் கொடுத்தவருக்கு அதன் பிரதியை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். இங்கே அப்படி உடனே எதுவும் கைக்கு வராது. அறிக்கை ஒப்புதலாகி ஆவணப் பிரிவுக்குப் போன பிறகு நீங்களாகக் கேட்டால்தான் வரும்.

கோரிக்கையை வாய்மொழியாகவும் வைக்கலாம் என்கிறது சட்டம். நான் எழுத்தில்தான் கொடுப்பேன். நாள் கணக்குக்கு அதுவே சாட்சி. பெரும்பாலான அலுவலகங்களுக்கு இணையதளப் படிவம் இருக்கிறது. அதில் விளக்கம் கேட்கும் பெட்டியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதன் பொருள் இவ்வளவுதான்:

"கலிபோர்னியா பொது ஆவணச் சட்டத்தின்படி கேட்கிறேன். இன்ன தேதி, இன்ன நேரத்துக்கும் இன்ன நேரத்துக்கும் இடையே, இன்ன இடத்தில் எங்கள் காரை உடைத்துத் திருடினார்கள். வழக்கு எண் இது. திருட்டில் பொருளை இழந்தவர் இன்னார். நான் அவருடைய அனுமதி பெற்ற பிரதிநிதி, அவர் கையெழுத்திட்ட கடிதம் இணைத்திருக்கிறேன். அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 7923.605 பிரிவின்படி அறிக்கை வேண்டும். எந்தப் பகுதியையாவது மறுத்தால், மீதியைக் கொடுத்துவிட்டு, மறுத்ததற்கான சட்டப் பிரிவை எழுதித் தெரிவிக்கவும்."

அந்த 7923.605 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். என் முதல் கடிதத்தில் அது இல்லை. "சம்பவம் தொடர்பான அனைத்து ஆவணங்களும்" என்று பெருங்கோரிக்கையாக எழுதினேன். புலனாய்வுக் கோப்புகளுக்கு விலக்கு உண்டு என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். விலக்கு உண்மைதான், 7923.600 பிரிவில் இருக்கிறது. வழக்கை மூடிய பிறகு கேட்டால் கிடைத்துவிடும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. புலனாய்வு முடிந்தாலும் விலக்கு முடிவதில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அடுத்த பிரிவான 7923.605 பாதிக்கப்பட்டவருக்குத் தனி வாசல் திறந்து வைத்திருக்கிறது. திருட்டு, கொள்ளை, தீவைப்பு, பொருட்சேதம் போன்றவற்றில் இழப்புக்கு ஆளானவர், அவருடைய பிரதிநிதி, காப்பீட்டு நிறுவனம் ஆகியோருக்குச் சம்பவ நாள், நேரம், இடம், சம்பந்தப்பட்டவர்களின் பெயர், பொருள் விவரம், வாக்குமூலங்கள் ஆகியவற்றைக் கொடுத்தாக வேண்டும். ஒருவருடைய பாதுகாப்புக்கோ புலனாய்வுக்கோ ஊறு வரும் என்றால் மட்டுமே மறுக்கலாம். இரண்டாம் கடிதத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டேன். ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. பழைய கடித மாதிரிகளில் 6250, 6254 என்ற எண்கள் இருக்கும். 2023 ஜனவரி முதல் சட்டத்துக்குப் புது எண்கள் கொடுத்துவிட்டார்கள், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் வேறு பல மாதிரிகள் 1966-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தகவல் சுதந்திரச் சட்டத்தைச் சுட்டுகின்றன. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கானது, கவுண்டியைக் கட்டுப்படுத்தாது.

கோரிக்கை சேர்ந்த 10 நாளுக்குள், ஆவணம் கொடுக்க முடியுமா முடியாதா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். கொடுக்க முடியும் என்றால், எப்போது என்ற உத்தேசத் தேதியும் சொல்ல வேண்டும். பத்து நாளில் காகிதமே கைக்கு வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் சட்டப்படி நகல் எடுக்கும் செலவைத்தான் கேட்கலாம், தேடிய நேரத்துக்குக் கூலி கேட்க முடியாது. கோரிக்கை தெளிவாக இல்லையென்றால் அதைச் சரியாக அமைக்க உங்களுக்கு உதவுவதும் அவர்களுடைய கடமை. ஆவணப் பிரிவில் என்னிடம் பேசிய பெண்மணி பொறுமையானவர். "உங்களிடம் எந்தெந்த ஆவணங்கள் இருக்கின்றன?" என்று கேட்டதும் அவரே வரிசையாகச் சொன்னார்.

அவசரமாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அவசர உதவி எண்ணான 911-க்குச் செய்த அழைப்பின் ஒலிப்பதிவு. தொலைபேசி, வயர்லெஸ் பதிவுகளை 100 நாளுக்குப் பிறகு அழித்துவிடக் கவுண்டிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. அறிக்கை வரட்டும், பிறகு கேட்கலாம் என்று இருந்தால் பதிவே இல்லாமல் போகலாம். ஒலிப்பதிவையும் அதிகாரியின் சீருடைக் கேமராப் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி முதல் வாரத்திலேயே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு வழி வேறு, இதைவிட நல்ல வழியும் கூட. கணவரின் விசாவைச் சார்ந்திருக்கும் பெண்கள் இதைப் படித்தால் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: குடும்பச் சட்டத் தொகுப்பு, பிரிவு 6228. அதன்படி ஒரு பிரதி இலவசம். அறிக்கையின் முகப்புத் தாளைக் கேட்ட 48 மணி நேரத்துக்குள்ளும், முழு அறிக்கையை 5 வேலை நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால்தான் தாமதிக்கலாம். அடையாள அட்டை காட்ட வேண்டும். வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். நேரில் வாங்குங்கள், அல்லது நம்பும் தோழியைப் பிரதிநிதியாக எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

உங்களுடைய சொந்தக் குற்றப் பின்னணிச் சான்று வேண்டுமென்றால் மாநில நீதித் துறையிடமோ எஃப்பிஐயிடமோ கைரேகை கொடுத்து வாங்க வேண்டும். வழக்கின் நீதிமன்றத் தாள்கள் சுப்பீரியர் கோர்ட் எனப்படும் அந்தக் கவுண்டி நீதிமன்றத்தின் எழுத்தரிடம் இருக்கும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்த மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். டெக்சாசில் ஆவணத்தை மறைக்க விரும்பும் அலுவலகம் பெரும்பாலும் மாநில அட்டர்னி ஜெனரலின் முடிவைக் கேட்டாக வேண்டும். வர்ஜீனியா தன் மாநிலத்தவருக்கு மட்டுமே இந்த உரிமையைத் தருகிறது. அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது.

எழுத்தில் கேட்டதற்கு மறுப்பும் எழுத்தில்தான் வர வேண்டும். மறுத்தவரின் பெயரும் பதவியும் அதில் இருக்க வேண்டும். முதலில் அவருக்கே பிரிவு எண்ணைச் சுட்டி மறுகடிதம் எழுதுங்கள். அதற்கும் மேல் என்றால் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்டில் மனுப் போடலாம். நீங்கள் வென்றால் உங்கள் வழக்கறிஞர் செலவை அலுவலகமே ஏற்க வேண்டும்.

கடைசியாக, பெயர். என் மாமியாருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அவருடைய பெயரே குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருந்தது. அதிகாரி என் கணவரின் கடைசிப் பெயரையே அவருக்கும் எழுதிவிட்டார். தேடுபவர் கடைசிப் பெயரை வைத்துத் தேடினால் அறிக்கை எப்படி அகப்படும்? கடிதத்தில் பெயரின் எல்லா வடிவங்களையும், அப்பா பெயரை விரித்து எழுதியது உட்பட, கொடுத்துவிடுங்கள். அறிக்கை வந்ததும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எங்களுக்கு வந்த முதல் பிரதியில் "கைப்பை, உள்ளே ஆவணங்கள்" என்று மட்டும் இருந்தது. பாஸ்போர்ட் என்ற சொல்லே இல்லை. வழக்கு எண்ணைச் சொல்லித் துணை அறிக்கை ஒன்று எழுத வைத்து, பாஸ்போர்ட் எண்ணையும் சரியான பெயரையும் அதில் சேர்த்து, மறுபடியும் பிரதி வாங்கினோம். அதற்கு இன்னும் எட்டு நாள். முதல் நாளே, டெபுடி குறிப்பேட்டைத் திறந்தபோதே, கைப்பேசியில் இருந்த பாஸ்போர்ட் படத்தை அவரிடம் காட்டியிருக்க வேண்டும்.