தங்கை பத்திரிகையும் தேக்கா மஞ்சளும்

தங்கை கல்யாணத்துக்கு 150 பத்திரிகை தேவைப்பட்டது. அச்சகத்தில் சொன்ன விலைக்கு அம்மா மயங்கி விழாத குறை. சரி, வீட்டிலேயே செய்வோம் என்று சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில் அட்டை வாங்கிவந்தேன். எங்கள் இங்க்ஜெட் பிரிண்டர் முதல் அட்டையையே மென்று துப்பியது.

200 ஜிஎஸ்எம்முக்கு இறங்கி, பிரிண்டிங் கடைக்குக் கணினிக் கோப்பை எடுத்துப்போனால் அடுத்த கூத்து. அந்தக் கணினியில் நம் எழுத்துரு இல்லை. மாப்பிள்ளை பெயர் கட்டம் கட்டமாக நின்றது. எழுத்துருவை உள்ளேயே பதித்து பிடிஎஃப் ஆக்கிய பிறகுதான் கொம்பும் காலும் ஒழுங்காக வந்தன.

லேசர் அச்சு மடிப்பில் வெடித்தது. மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டு, அப்புறம் மடித்தேன், சரியாகிவிட்டது. ஏ4 தாளை இரண்டாக மடித்தால் சி5 உறையில் கச்சிதமாக அடங்கும்.

மஞ்சள்தான் படுத்தியது. தண்ணீராகக் கரைத்துத் தடவியதில் மூலை சுருண்டது, இந்த ஊர் ஈரக்காற்றில் காயவும் இல்லை. கெட்டியாகக் குழைத்து, விரல்நுனியால் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் ராத்திரி முழுக்கப் பரப்பிவைத்தோம். தேக்காவில் வாங்கிய மஞ்சள், வீடே மணத்தது.

பாட்டி மட்டும் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மஞ்சள் பத்தாதுடா” என்றார்.