பிள்ளைகளோடு நகரம் சுற்ற: ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம்

முதல் தடவை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய நகரத்துக்குப் போனபோது, மூன்று நாளில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று பதினொன்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. முதல் நாளே, மூன்றாவது இடமான ஓர் அரண்மனையின் வாசற்படியில் சின்னவன் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, "நான் இங்கயே இருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க" என்றான். ஊர் திரும்பியதும் பாட்டி கேட்டார், என்னடா கண்ணா பார்த்தே என்று. அரண்மனையும் வரவில்லை, கோபுரமும் வரவில்லை. ரயில் நிலையத்தில் இருந்த மகா நீளமான எஸ்கலேட்டரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினான்.

அதற்கப்புறம் போன பயணங்களில் தாளில் எழுதுவதை விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு, இதைப் பார்க்காமல் திரும்ப மாட்டோம் என்று ஒரே ஓர் இடம். மற்றதெல்லாம் வழியில் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

அந்த ஓர் இடத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், கதவு திறக்கிற நேரத்துக்கே. கூட்டம் வந்து சேர்வதற்குள் ஒன்றரை மணி நேரமாவது நிம்மதியாகக் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் கால் வலி ஆரம்பித்திருக்காது. மதியம் அறைக்குத் திரும்பிவிடுங்கள். தூங்காவிட்டாலும் பரவாயில்லை, கட்டிலில் குதித்துவிட்டுப் படுத்துக் கிடக்கட்டும். இதற்காகவே நான் அறையை ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்தாலும் எடுப்பதில்லை. ஒரு மணி நேரம் பயணம் செய்துதான் அறைக்கு வர முடியும் என்றால் யாரும் மதியம் திரும்ப மாட்டார்கள், நாலு மணிக்கு நடுத்தெருவில் பிள்ளை அலறும். மிச்சம் பிடித்த பணம் டாக்ஸிக்கே போய்விடும். சாயங்காலத்துக்கு டிக்கெட் இல்லாத இடமாகப் பாருங்கள்: பூங்கா, ஆற்றங்கரை, நீரூற்று உள்ள சதுக்கம். டிக்கெட் வாங்கிவிட்டால் "காசு கொடுத்தாச்சு, ஒழுங்கா பாரு" என்ற வார்த்தை நம் வாயில் வந்தே தீரும்.

ஒரு நாளைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். ஆனால் "எங்கே போகலாம்?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். என் மகன் "கடல்" என்றான், அந்த ஊரில் கடலே கிடையாது. மூன்று படங்களைக் காட்டி, இதில் ஒன்று என்று சொன்னால் வேலை முடிந்தது.

இனி அந்த எஸ்கலேட்டர் விஷயம். பெரியவர்களுக்குப் போக்குவரத்து என்பது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் தொந்தரவு. சின்னப் பிள்ளைக்கு அதுவே பாதி ஊர். ஓட்டுநர் இல்லாத ரயில் இருக்கும் ஊராக இருந்தால், முன் கண்ணாடிப் பக்கம் இடம் பிடிப்பதையே ஒரு நிகழ்ச்சியாக வைத்துவிடலாம். லண்டனின் டாக்லாண்ட்ஸ் இலகு ரயில் 1987-லிருந்தும், கோபன்ஹேகன் மெட்ரோ 2002-லிருந்தும், சிங்கப்பூரின் வடகிழக்குத் தடம் 2003-லிருந்தும் இப்படித்தான் ஓடுகின்றன. முன்னால் தண்டவாளம் நீண்டுகொண்டே வரும், சுரங்க வாய் திறக்கும், எதிர் ரயில் சட்டென்று பக்கத்தில் சீறிப் போகும். அங்கே நின்றால் பையன் கையில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பித்துவிடுவான். (ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது என்று மூத்தவள் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.) நெரிசல் நேரத்தைத் தவிர்த்து, தடம் தொடங்கும் நிலையத்திலேயே ஏறுங்கள். முன்னிடம் கிடைக்காவிட்டால் அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை இல்லை.

படகும் அப்படித்தான். சுற்றுலாப் படகுக்கு வரிசையில் நிற்பதற்கு முன், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு உண்டா என்று கேளுங்கள். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகுக்குக் கட்டணமே இல்லை. ஒரு வழிக்கு ஏறக்குறைய 25 நிமிஷம். மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலப்பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை தெரியும். 25 நிமிஷம் என்பது நாலு வயதுக்குக் கச்சிதமான அளவு, ஒன்றரை மணி நேர உல்லாசப் படகில் இருபதாவது நிமிஷத்திலேயே "எப்போ இறங்குவோம்" தொடங்கிவிடும். சுருக்கமாக முடிகிற காட்சி எதுவானாலும் பிள்ளைகளுக்கு ஒத்துப்போகும். செக் நாட்டுத் தலைநகர் பிராகாவின் வானியல் கடிகாரம் 1410-ல் செய்தது. மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே ஜன்னல் திறந்து இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாகப் போகும். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பெரியவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள், பிள்ளைகள் "மறுபடியும்!" என்பார்கள். கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்குங்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

அருங்காட்சியகத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தப்பு செய்தது அங்கேதான்.

ஒருமுறை ஒரு கண்ணாடிப் பேழைக்குள் இருந்த தங்க நகைகளைக் காட்டி, "பாரு, எவ்வளவு அழகு" என்று சின்னவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் பார்க்கவே இல்லை. எனக்குக் கோபம். ஷூ நாடாவைக் கட்டிவிட அவன் பக்கத்தில் குந்தியபோதுதான் புரிந்தது: அவன் உயரத்திலிருந்து பார்த்தால் மேஜையின் மர விளிம்பும், கண்ணாடியில் பளிச்சென்று விழுந்த விளக்கு வெளிச்சமும்தான் தெரிகின்றன. நகை ஒன்றுகூடத் தெரியவில்லை. அரை மணி நேரமாக அவன் மரப்பலகையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். பெரியவர்களுக்கே இந்தப் பாடு உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே அருங்காட்சியகக் களைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரைப் பேழைகளின் முன் நிறுத்தி, உள்ளே இருப்பதைப் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து மடங்க வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டினார். அதனால் முதல் வேலை: உள்ளே போனதும் நீங்கள் ஒருமுறை பிள்ளையின் உயரத்துக்குக் குந்திப் பாருங்கள். தெரியாததைத் தூக்கிக் காட்டுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கடையிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லோரும் கடைசியில் போகிற நினைவுப்பொருள் கடைக்கு நாங்கள் முதலில் போவோம். ஆளுக்கு மூன்று தபால் அட்டை. அட்டையில் இருக்கும் பொருளை உள்ளே தேடிக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. மூன்றும் கிடைத்ததும் வெளியே வந்துவிடுவோம். நாற்பது அறைகள் பார்க்காமல் கிடக்கட்டும். ஓவியக் கூடமாக இருந்தால் அட்டைகூட வேண்டாம், நாய்களை எண்ணச் சொல்லுங்கள். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் நாய்க்கு என்றுமே பஞ்சமில்லை. மேஜைக்கு அடியில், ராணியின் மடியில், வேட்டைக்காரன் காலடியில் என்று எங்காவது ஒன்று படுத்திருக்கும். மூத்தவள் ஒரே காலையில் இருபத்து மூன்று எண்ணினாள். இருபத்து நாலாவது ஆடா நாயா என்று காவலரிடம் போய்க் கேட்டு, அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

பெரிய பொருளை அளக்க வையுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் 2017-லிருந்து ஒரு நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. நீளம் 25.2 மீட்டர். எண்ணைச் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அதன் கீழே மூக்கிலிருந்து வால்வரை நடந்து அடி எண்ணச் சொன்னால், ராத்திரி தூங்கும்வரை அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அறிவியல் மையங்களில் இதற்கெல்லாம் வேலை இல்லை, நாம் வாயை மூடிக்கொண்டால் போதும். சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியத்தை 1969-ல் தொடங்கிய பிராங்க் ஓப்பன்ஹைமர் இயற்பியலாளர், இடையில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். தொட்டு, திருப்பி, தள்ளிப் பார்க்கத்தான் அங்கே பொருள்களை வைத்தார். இப்போது பல நகரங்களில் அப்படி மையங்கள் இருக்கின்றன. நான் ஒரு மையத்தில் ஊசல் அருகே நின்று பலகையை வாசித்து விளக்க ஆரம்பித்தேன். மூத்தவள் மெல்ல நழுவிப்போய், மணலில் கோலம் போடும் இன்னொரு ஊசலிடம் முக்கால் மணி நேரம் நின்றாள். எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டேன்.

விலங்குக் காட்சிச்சாலை பற்றி ஒரே வரி: காலையிலோ, தீனி போடும் நேரத்திலோ போங்கள், நடுப்பகலில் போனால் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். ராட்டினப் பூங்கா என்றால் வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து, எதில் ஏற விடுவார்கள் என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அளவுகோலுக்கு ஒரு விரல் கீழே நின்று அழுத முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டு மைதானத்தை மட்டும் "இது நம்ம ஊர்லயே இருக்கே" என்று தள்ளிவிடாதீர்கள். மொழி தெரியாத பிள்ளைகளோடு சறுக்குமரத்தில் வரிசையில் நிற்பது உள்ளூர் வாழ்க்கைக்குள் நுழைய இருக்கும் குறுக்கு வழி. டென்மார்க்கில் நிலவடிவமைப்பாளர் சோரன்சன், அழகாகக் கட்டிய மைதானங்களைவிடக் கட்டுமான இடங்களில் கிடக்கும் பலகையோடும் செங்கல்லோடும் பிள்ளைகள் அதிகம் விளையாடுவதைக் கவனித்தார். அந்த யோசனையில் 1943-ல் கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரூப்பில் ஒரு 'குப்பை மைதானம்' வந்தது. அதன் வாரிசுகளான சாகச மைதானங்கள் லண்டன், பெர்லின் போன்ற நகரங்களில் இன்றும் இருக்கின்றன: சுத்தி, ஆணி, பலகை, சேறு. மாற்றுடை கட்டாயம். திறக்கும் நேரமும் வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும், பார்த்துக்கொண்டு போங்கள்.

இப்போது பிள்ளை தொலைவதைப் பற்றி. ஒரு பெரிய ரயில் சந்திப்பில் ஆறு நிமிஷம் என் மகள் காணாமல் போனாள். அந்த ஆறு நிமிஷத்தை விவரிக்கப் போவதில்லை. அதற்கப்புறம் நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது. தினமும் காலையில் கிளம்பும் முன் இரண்டு பேரையும் அன்றைய உடையில் முழு உருவமாக ஒரு போட்டோ. பதற்றத்தில் "என்ன கலர் சட்டை?" என்று கேட்டால் பெற்ற தாய்க்கும் ஞாபகம் வராது. சின்னவனின் முன்கையில் பேனாவால் என் போன் எண், நாட்டுக் குறியீட்டோடு. எண் மட்டும், பெயர் வேண்டாம்.

தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், தேடிப் போவது எங்கள் வேலை. உதவி கேட்பதென்றால் சீருடையில் இருக்கும் ஊழியரிடமோ, குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ. மெட்ரோவுக்குத் தனி விதி: நாங்கள் ஏறி நீ பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால் அங்கேயே நில், நாங்கள் திரும்பி வருவோம். நீ ஏறி நாங்கள் நின்றுவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நில். இதை வாயால் சொல்வது போதாது. அறையில் இரண்டு கட்டில்களை இரண்டு நிலையமாக்கி விளையாடிப் பாருங்கள். என் கணவர் கதவு மூடும் சத்தம் போட்டார். சின்னவன் வேண்டுமென்றே நாலு தடவை தொலைந்தான்.

பையில் பெரிதாக ஒன்றும் வேண்டாம்: தண்ணீர், கொறிக்க ஏதாவது, ஆளுக்கு ஒரு மாற்று சாக்ஸ், ஈரத்தாள், பென்சிலோடு ஒரு சின்ன நோட்டு. கழிப்பறை கண்ணில் பட்டால், "இப்ப வரலை" என்றாலும் கூட்டிப்போங்கள். அடுத்தது எங்கே என்று யாருக்குத் தெரியும்? மழை வந்தால் நூலகம். பல நகரங்களின் பொது நூலகங்களில் சிறுவர் பகுதி இருக்கும், உட்கார்ந்து படம் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை.

கடைசி அரை நாளுக்கு எதுவும் வைக்காதீர்கள். பெட்டிகளை விடுதியில் விட்டுவிட்டு, எந்த இடத்துக்கு இன்னொரு தடவை போகலாம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். போன வருஷம் அதே நகரத்துக்கு மறுபடி போனோம். இந்த முறை ஆறே இடங்கள், யாரும் படியில் உட்காரவில்லை. கிளம்பும் நாள் காலையில் கேட்டதற்கு, இப்போது ஏழு வயதாகிவிட்ட சின்னவன் யோசிக்கவே இல்லை. ரயில் நிலையத்துக்குப் போய், கையைப் பிடித்துக்கொண்டு, அந்த எஸ்கலேட்டரில் மேலே போய்க் கீழே வந்தோம், ஐந்து முறை. மூன்றாவது தடவை மேலே போகும்போது மூத்தவள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நிஜமாவே நீளம்தான்."